வணக்கத்துக்கும் நன்றிக்கும் நடுவுல

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மதுரைக்கு ஒரு லெட்டர் அடிக்கணும்.

தூத்துக்குடியில ஒரு உப்பு கம்பெனி ஆபீஸ்ல இருக்கேன். மதுரையில ஒரு ஊறுகாய் கம்பெனிக்கு நாங்க அனுப்புன மூட்டையெல்லாம் மழையில நனைஞ்சு போய்ச் சேந்துட்டு. ரொம்ப வருசமா எங்ககிட்ட வாங்குறவங்க. அந்த ஓனரம்மா, எழுத்துல விளக்கம் வரணும், இல்லன்னா வேற ஆள் பாத்துக்கிடுதோம்னு கறாரா சொல்லிட்டாங்க.

எங்க முதலாளி அண்ணாச்சிக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. "மெர்சி, கொஞ்சம் பணிவா எழுதும்மா"ன்னாரு.

"விடுங்க அண்ணாச்சி, லெட்டர் பார்மேட்லாம் எனக்கு அத்துப்படி."

வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் வரிசையா அடிச்சேன். தேதி வலதுபக்கமா இடதுபக்கமான்னு அரைமணி நேரம். 'அம்மையீர்'னு போடவா, 'மதிப்பிற்குரிய அம்மா'ன்னு போடவான்னு இன்னொரு அரைமணி. பக்கத்து சீட் செல்வியக்கா, முதல்ல விசயத்த எழுதேன்னு சொன்னா. பார்மேட்தான்க்கா மரியாதைன்னு அவளுக்கு கிளாஸ் எடுத்தேன்.

விசயத்த அண்ணாச்சி சொல்லச் சொல்ல, வேற ஒரு ஃபைல்ல அடிச்சு வச்சேன். கடைசியில எடுத்து நடுவுல ஒட்டிக்கிடலாம்னு நெனப்பு.

ஒட்டல.

அண்ணாச்சி போன் பேசிக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு. பேங்க் லெட்டர் கணக்கா இருக்கேன்னு பாராட்டு வேற. கூரியர்ல போயிட்டு.

மூணாம் நாள் ஓனரம்மா கூப்பிட்டாங்க. அண்ணாச்சி ஸ்பீக்கர்ல போட்டாரு.

"லெட்டர் வந்துச்சுங்க. ரொம்ப நீட்டா இருக்கு. மேல வணக்கம்னு இருக்கு, கீழ நன்றின்னு இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்லையே. எதுக்குங்க நன்றி?"

அண்ணாச்சி என்னைய பாத்தாரு. நான் ஃபேனப் பாத்தேன். செல்வியக்கா குனிஞ்சு எதையோ தேடுத மாதிரி சிரிச்சா.

அண்ணாச்சி ஸ்பீக்கர அணைக்கவும் மறந்துட்டாரு. படபடன்னு கொட்டிட்டாரு: "அம்மா, தார்ப்பாய் கிழிஞ்சிருந்துச்சு. நாங்க பாக்காம ஏத்திட்டோம். தப்பு எங்க மேலதான். புது மூட்டை இன்னைக்கே ஏத்துதேன்."

வேற கம்பெனிக்கு இப்பவே அப்ளிகேஷன் அடிச்சிரலாமான்னு நெனச்சேன். அதுக்கும் பார்மேட் தெரியும்லா.

அப்புறம் அந்தம்மா சிரிச்சாங்க. சொல்றதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமில்லன்னுதான் வெத்துத்தாள அனுப்பிட்டோம்னு கோவத்துல இருந்தாங்களாம். சரி, மூட்டைய அனுப்புங்கன்னுட்டாங்க.

நாலு நாள் கழிச்சு அவங்ககிட்ட இருந்து வாட்ஸப்ல பதில் வந்துச்சு: "உப்பு காஞ்சிருக்கு. அடுத்த மாசமும் அனுப்புங்க."

பொருள் இல்ல, பார்வை இல்ல, இப்படிக்கு கூட இல்ல. பார்மேட் படி பாத்தா, அந்தம்மாவுக்கு லெட்டரே எழுதத் தெரியல.