துரை உழைத்துத்தான் சாப்பிடுவார்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலமில்லை. உன் நாய் மிக நலம். இரண்டும் ஒரே செய்திதான்.

அலுவலகப் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பிய அன்று, நாயை என் அறையில் விட்டுவிட்டு, வாசலில் நின்று நீ சொன்னது நினைவிருக்கிறதா? "தட்டுல மட்டும் வைக்காதடா. அது தேடித்தான் திங்கணும். வீட்டுக்குள்ளயே கிடக்கிற நாய்க்கு மூளைக்கு வேலை இல்லைன்னா சோர்ந்துபோயிடும்." தலையாட்டினேன். நாய்க்குச் சோர்வு வந்துவிடக் கூடாது என்று பதறும் இதே குடும்பத்தில்தான் நானும் பிறந்தேன். வேலை கிடைக்காமல் அந்த வருடம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேனே, என் சோற்றை யாராவது ஒளித்து வைத்தீர்களா? தட்டில்தான் வந்தது. கூடவே "தண்டச்சோறு" என்று அப்பாவின் குரலும் வந்தது. போகட்டும். இது நாயைப் பற்றிய கடிதம்.

முதலில் துண்டு. நீ சொல்லிக்கொடுத்தபடி விரித்து, தீனியைத் தூவி, சுருட்டி வைத்தேன். துரை மூக்கால் தள்ளி விரித்தார், தின்றார், ஏப்பம் விட்டார். (செல்லம் என்றெல்லாம் நான் கூப்பிட மாட்டேன். நடை துரை நடை. பெயரும் அதுதான்.) பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் படித்த பாடம் வேறு. சுருட்டிய எதற்குள்ளும் சாப்பாடு உண்டு. மெய்ப்புப் பார்க்க அச்சகத்திலிருந்து வந்த பள்ளிக் கணக்குப் புத்தகத் தாள்கள் சுருட்டித்தான் வந்தன. நான் காபி கலக்கப் போனேன். திரும்பி வந்தேன். கேள்விகளை அவர் தொடவே இல்லை. விடைகளை மட்டும் மென்று துப்பியிருந்தார். அச்சகத்துக்குத் தொலைபேசியில் சொன்னால், "லேட்டாகும்னா லேட்டாகும்னு சொல்லுங்க சார், வாயில்லா ஜீவன் மேல ஏன் பழி போடறீங்க?" என்கிறார் மேலாளர். வாயில்லா ஜீவனாம். வாய் மட்டும்தான் இருக்கிறது அதற்கு.

நடுவில் ஒரு முட்டையை ஒளித்து வைத்துவிட்டு இடத்தை மறந்தேன். துரையாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. எறும்புகள் கண்டுபிடித்தன. எறும்புகளின் மூளைக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு பெட்டிகள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் கசக்கிய தாள், அதற்குள் கேரட். துரை அதை அறை முழுக்க உருட்டினார், சுவரில் மோதினார், மேலே ஏறிக் குதித்தார். அந்த அறைக்கு நேர் கீழேதான் வீட்டுக்காரம்மா மதியத்தில் கண்ணயர்வார். மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"என்னப்பா, மேல கல்லு உடைக்கிறியா?"

"நாய்க்குச் சாப்பாடு வெச்சேன் ஆன்ட்டி."

"சாப்பாடா? ஊர்ல மத்த நாயெல்லாம் சத்தமில்லாமத்தானே திங்குது?"

இதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். உன்னிடம் இருக்கிறதா?

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நாய் போகணும். இல்லைன்னா நீயும் அதோட சேர்ந்து கிளம்பு."

இந்த வாடகைக்கு, இந்தச் சன்னல் வெளிச்சத்தோடு, எனக்கு இன்னோர் அறை கிடைக்காது. அப்பாவிடம் கை நீட்டாமல் நான் எடுத்த முதல் அறை. அது இன்று ஒரு கேரட்டில் தொங்குகிறது.

அதோடு விட்டதா? மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மனைவியின் சமையலைப் பரிசோதித்து வந்தவர். திட்டத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. துரை பெட்டி திறப்பதைக் கைகட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது. "என்ன தம்பி பெட்டி இது? வெக்கமா இல்ல? கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஒரு நாய் திறந்துடுது!" கீழே போனார். இழுத்தால் திறக்கும் மரப்பெட்டி ஒன்றைச் செய்து வந்தார். துரை இழுத்தார். வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். அடுத்து வந்தது, இழுத்துப் பிறகு தள்ளினால் திறப்பது. துரை முகர்ந்தார். கவ்வினார். நேராக வந்து என் மடியில் போட்டார். உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார்.

நான் திறந்தேன். வியர்த்துவிட்டது. அவர் தின்றார்.

இப்ப சொல்லுக்கா. யாருக்கு மூளைப் பயிற்சி? இப்போதெல்லாம் எல்லாப் பெட்டியும் என் மடிக்குத்தான் வருது. எனக்குத் திறக்க வரலைன்னா பெருமூச்சு விடறார். அச்சு அசல் அப்பாவோட பெருமூச்சு. கீழே ரம்பச் சத்தம், மேலே துரை, நடுவுல நான், விடை இல்லாத கணக்குப் புத்தகத்துக்கு விடை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இதுக்கா படிச்சேன்?

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை வந்து உன் நாயை அழைத்துப் போ. சாக்குச் சொல்லாதே. வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் இதைக் காட்டாதே. உனக்கு என் அன்பு, கோபம் போக மிச்சம் உள்ளது. துரைக்கு என் ஆசி எதுவும் கிடையாது. வேண்டுமானால் தேடிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மூளைக்கு ஓய்வே இல்லாத
உன் தம்பி

பி.கு.: இதை உறையிலிடும்போது வீட்டுக்காரம்மா வந்தார். கையில் ஒரு வேகவைத்த முட்டை. "நாய் ஞாயித்துக்கிழமை போகுதாமே?"

"நீங்கதானே ஆன்ட்டி..."

"நான் ஆயிரம் சொல்லுவேன். ரிட்டயர் ஆனதுலேர்ந்து இப்பத்தான் இவர் என் அடுப்பங்கரைப் பக்கம் வராம இருக்கார். நாயை அனுப்பிட்டு இவரை என்ன பண்றது? உன் மடியில கொண்டாந்து விடட்டுமா? நாய் இருந்தா நீயும் இரு. நாய் போனா நீயும் கிளம்பு."

எனவே ஞாயிற்றுக்கிழமை வராதே. வந்தால் துரையைப் பார்க்கலாம், கூட்டிப்போக முடியாது. அறைக்காகத்தான் சொல்கிறேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. முட்டையை ஒளிக்க ஓர் அருமையான இடம் தோன்றியிருக்கிறது. மறப்பதற்குள் போகிறேன்.