எங்கே என்று கேட்கக் கூடாத பயணம்

நாப்போலி நகரைப் பற்றி எங்கள் நாப்போலி அண்ணை அறிந்திருந்த அளவுக்கு, அந்நகரில் பிறந்து வளர்ந்தவர்களும் அறிந்திருக்க மாட்டார்கள். இதை எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன். அவர் அங்கே ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை என்று எதிரணியினர் சுட்டிக்காட்டலாம். உண்மைதான். நான்கு முறை புறப்பட்டார். நான்கு முறையும் துறைமுகத்தோடு திரும்பினார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் தீவு நகரான பலேர்மோவில், வியா மக்வேதா வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், எட்டு யாழ்ப்பாணத்தார் ஓர் அறையில் இருந்தோம். அண்ணை ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியின், வீட்டில் தங்கி வேலை செய்தார். அவர் மனைவி மலர் அக்கா நகரின் மறுகோடியில் இன்னொரு சிஞ்ஞோராவின் வீட்டில். வியாழன் பிற்பகலும் ஞாயிற்றுக்கிழமையும் இருவரும் எங்கள் அறைக்கு வந்து, எட்டுப் பேரின் நடுவே இல்லறம் நடத்தினார்கள். அக்கா ஊரிலிருந்து வந்து ஓராண்டாகியும், முழுதாய் இரண்டு நாள் அவர்கள் சேர்ந்திருந்ததில்லை.

ஆகவே, ஒரு சனி ஞாயிறு நாப்போலிக்குப் போவது அண்ணையின் இலட்சியம். அதற்கென ஒரு கொப்பி நிறைய நிகழ்ச்சிநிரல் வைத்திருந்தார். 'காலை 7.10: எரிமலை பார்த்தல். 7.25: பார்த்து முடித்தல். 7.30: வியத்தல்.' மழை பெய்தால் வியப்பதற்கு வேறு அட்டவணை. அக்கா வருமுன் தனியே புறப்பட்ட அந்த நான்கு பயணங்களும் இதற்கான ஒத்திகைகளே.

அவற்றைக் கெடுத்தது ஒரு கேள்வி. புறப்பட்டவரைப் பார்த்து "எங்கை போறியள்?" என்று கேட்டால் காரியம் கெடும் என்பது நம்மவர் நம்பிக்கை. கேட்டுவிட்டால் வீடு திரும்பி, இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துத்தான் மறுபடி வெளிக்கிட வேண்டும். ஆனால் பலேர்மோத் துறைமுகத்தில் ஜெனோவாவுக்கும் சார்தீனியாவுக்கும் நாப்போலிக்கும் கப்பல்கள் நிற்கும், வாசலில் நிற்பவர் ஒவ்வொரு முறையும் "தோவே வா?", அதாவது எங்கே போகிறீர்கள், என்று கேட்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்!

"அவன் இத்தாலியனிலைதானே அண்ணை கேட்டவன்? சகுனத்துக்கு இத்தாலியன் விளங்குமோ?" என்று வாதிட்டேன். பள்ளி விவாத அணியின் தலைவனாக இருந்தவன் நான்.

"எனக்கு விளங்கிட்டுதே, தம்பி!" என்றார். நான் அமர்ந்துவிட்டேன்.

ஐந்தாம் முறை வாய்ப்பு தானாகவே வந்தது. இரண்டு சிஞ்ஞோராக்களும் ஒரே வாரத்தில் வெளியூர் போனார்கள். இதை விட்டால் அடுத்த கோடைவரை இப்படி அமையாது. வெள்ளி மாலை, அண்ணை கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு புறப்பட்டார். அதில் 'நாப்போலி' என்று இத்தாலிய எழுத்தில், ஒவ்வொன்றும் சாண் அளவில் எழுதியிருந்தது.

"கழட்டுங்கோப்பா, சனம் பாக்குது," என்றார் கூட நடந்த மலர் அக்கா.

"பாக்கட்டும். பாத்தால் கேக்காதுகள்."

கேட்கத்தான் இல்லை. ஆனால் எதிர் நகரத்துக் காற்பந்து அணியின் விசிறி என்று நினைத்த பத்து இளைஞர்கள், "பலேர்மோ! பலேர்மோ!" என்று முழங்கியபடி துறைமுகம்வரை பின்தொடர்ந்தார்கள். அண்ணை அவர்களுக்குக் கையசைத்தார். பெட்டி சுமந்த நான் நிலத்தைப் பார்த்து நடந்தேன். வாசலில் நின்றவர் அட்டையை வாசித்தார், சிரித்தார், எதுவும் கேட்காமல் உள்ளே விட்டார். வென்றார் அண்ணை!

வென்ற களிப்பில் ஜெனோவாக் கப்பலின் படியை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். பதறிய மலர் அக்கா வாய் தவறிக் கத்தினார்: "எங்கையப்பா போறியள்?"

அண்ணை சிலையானார். நாப்போலிக் கப்பல் புறப்பட இன்னும் பதினைந்து நிமிடம்.

"அக்கா கேட்டது கேள்வியில்லை அண்ணை, வழிகாட்டல்! கேள்விக்கும் வழிகாட்டலுக்கும் உள்ள வேறுபாடு யாதெனில்..."

"தம்பி, பேசாமலிரு. வா மலர், வீட்டை போய்த் தண்ணி குடிச்சிட்டு வருவம்."

அக்காவின் கண் கலங்கியது. "எந்த வீட்டையப்பா? உங்கட சிஞ்ஞோரா வீட்டையோ, என்ர சிஞ்ஞோரா வீட்டையோ? எங்களுக்கெண்டு எங்கை கிடக்கு வீடு?"

அக்கா என் கையிலிருந்த பெட்டியைப் பறித்து, நிலத்தில் வைத்து, அதன்மேல் இருந்தார். "இதுதான் வீடு. நானும் நீங்களும் இருக்கிற இடம். வந்து இருங்கோ. இந்தாங்கோ, தண்ணி."

அண்ணை தயங்கித் தயங்கி ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். பிறகு வேலி வாசலைப் பற்றி ஐயம் எழுப்பினார்: "வீடெண்டால் ஒரு படலை வேணுமெல்லே?"

"இந்தா நிக்கிறான். தம்பி, நீதான் படலை. திறந்துவிடு!"

கப்பல் ஊதியது. இருவரும் எழுந்தார்கள். அண்ணை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டுப் பேர் அறையில் அவர் ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை. நான் ஒரு சொல்லும் சொல்லாமல் ஒதுங்கி வழிவிட்டேன். அதைவிட நல்ல பேச்சு ஒன்றை நான் இன்றுவரை பேசியதில்லை.