துவைக்கிற கல் விசாரணைக் கமிட்டி

கல் கேட்டவளுக்கு மெஷின் வரவழைத்த அந்தக் கனவான் யார் என்று மயிலாப்பூரில் எல்லாருக்கும் தெரியும். பெயர் மட்டும் சொல்ல மாட்டார்கள். ஆளாளுக்கு அவரிடம் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் லண்டனில் இருந்துவிட்டு வந்தவர், அங்கே கற்றதையெல்லாம் ஜைதூன் பீயின் தலையில் கொண்டுவந்து இறக்கினார்.

ஜைதூன் பீ அப்படி என்ன கேட்டுவிட்டாள்? வாடகை வீட்டுக் கொல்லையில் துணி துவைக்க ஒரு கல். குடை ரிப்பேர் செய்கிற புருஷன், ஐந்து பிள்ளைகள், தினம் ஒரு மூட்டைத் துணி. கிணற்றடியில் அடித்துத் துவைத்தால் தளம் விரிசல் விடும், இன்னொரு தடவை அடித்தால் வீட்டைக் காலி செய் என்று வீட்டுக்காரர் கோதண்டபாணி சொல்லிவிட்டார். அப்படியானால் ஒரு கல் போடுங்கள் என்றதற்கு, வாடகைக்கு விட்டது வீடு, கல் அல்ல என்று பதில். அவள் விடுகிறவளா? தெருவில் முப்பத்திரண்டு குடித்தனக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி, வாடகைவாசிகள் சௌகரிய ஆலோசனைக் கமிட்டிக்கு மனுக் கொடுத்தாள்.

மேற்படி கமிட்டி மேற்படி மனுவை மிகுந்த கவலையுடன் பரிசீலித்தது. கல் கொடுக்க வீட்டுக்காரர் கடமைப்பட்டவரா என்று காலையெல்லாம் வாதம் நடந்தது. அப்போது மெம்பர்களில் ஒருவரான நம் கனவான் எழுந்தார். கல் அநாகரிகம் என்றார். லண்டனில் கைப்பிடியைச் சுற்றினால் போதும், துணி தானே வெளுக்கிறது என்றார். அப்படியே மரப்பீப்பாய் மாதிரி ஒரு மெஷின் வந்து, மனுதாரர் வீட்டிலேயே பரீட்சார்த்தமாக வைக்கப்பட்டது.

ஒரே குடும்பத்து அழுக்கை வைத்து முடிவுக்கு வருவது நியாயமாகாது, பலதரப்பட்ட அழுக்கும் தேவை என்று இன்னொரு தீர்மானம். திங்கட்கிழமைதோறும் ஏழு மெம்பர்கள் வீட்டு மூட்டைகளும் வந்து இறங்கின. வீட்டுக்காரர் தரப்பு அழுக்கென்று கோதண்டபாணி ஒரு மூட்டை சேர்த்தார். கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? வாடகைவாசிகள் தரப்பு அழுக்கும் வந்தது.

இரண்டாம் வாரம் கைப்பிடி கையோடு கழன்று வந்துவிட்டது. ஜைதூன் பீ அதைக் கமிட்டிக் காரியதரிசி துரைராஜிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"போச்சு ஐயா. மெஷினை எடுத்துக்கினு போய்ட்டு ஒரு கல்லைப் போடுங்க."

"பரீட்சை நடக்கிறபோது மெஷினை அப்புறப்படுத்த விதியில்லை அம்மா."

"அப்ப நான் இன்னாத்துல துவைக்கிறது?"

"மெஷினில்தான்."

மெஷினில்தான் துவைத்தாள். மூடியை இறுக்க மூடி, அதன்மேல் அடித்துத் துவைத்தாள். துணி பளிச்சென்று வெளுத்தது. இயந்திரம் வெகு திருப்திகரமாக வேலை செய்வதாக துரைராஜ் மாதாமாதம் அறிக்கை எழுதினார். முடிவுதான் வரவில்லை. போதிய மெம்பர்கள் சேரவில்லை என்று பதினொரு மாதம் கூட்டம் தள்ளிப்போயிற்று.

ஒரு திங்கட்கிழமை மூட்டைகளோடு வந்த துரைராஜுக்கு அவள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பேசினாள்.

"முடிவு வராம மூட்டை உள்ள வராது ஐயா. போன வாரத்து வேட்டியெல்லாம் இங்கதான் ஊறிக்கினு கீது. மெம்பருங்க கைல சொல்லிடுங்க."

மறுநாளே கமிட்டி கூடிற்று. ஏழு பேரும் ஆஜர். ஏழு பேர் வேட்டியும் பழுப்பு. நேரில் போய் மெஷினைப் பார்வையிட்டார்கள். மூடி நெடுக வெடித்திருந்தது. இயந்திரத்தைப் போட்டு அடிக்கிற வாடகைவாசிகளுக்கு இயந்திரம் கொடுப்பது உசிதமல்ல. பதினொரு மாதமும் கல் இல்லாமலே துணி வெளுத்திருப்பதால் கல்லும் அவசியமல்ல. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று.

குடியிருக்கிற வீட்டில் சலவைத் தொழில் நடத்தியதற்காகக் கோதண்டபாணி காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொண்டுவந்தார். கையோடு தம் மூட்டையையும் கேட்டார். சற்று நேரத்தில் முப்பத்திரண்டு குடித்தனக்காரர்களும் வாசலில் திரண்டார்கள். தனக்காக நியாயம் கேட்க வந்திருக்கிறார்கள் என்று ஜைதூன் பீ நினைத்தாள். அடுத்த திங்கட்கிழமை துவைப்பு உண்டா இல்லையா என்று கேட்க வந்திருந்தார்கள்.

கனவானே, உம்முடைய எட்டு முழ வேட்டி இரண்டும் அங்கேதான் ஊறி நாறிக்கொண்டிருக்கின்றன. ஆள் அனுப்பாதேயும், நீரே வாரும். வருகிறபோது ஒரு கல்லைக் கொண்டுவந்து அந்தக் கொல்லையில் போடும். அந்த நோட்டீஸை உம் கையாலேயே கிழியும். அப்புறம் வேட்டியைத் துவைத்துக்கொண்டு போம்.