ஓசிப் பாட்டுக்குக் கூலி

ஆம்பூர் ரயிலடியில் காசியின் காபிக் கடை. உட்கார இடமில்லை. ரேடியோவில் இருதயராஜின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கல்லாவுக்கு முன்னால் இருதயராஜே கொதித்துக்கொண்டிருந்தான்.

"என் பாட்டுக்குத்தானே இவ்ளோ கூட்டம்? எனக்கு இன்னா தர்றே?"

"நானா பாட்டு போடறேன்? பட்டணத்து ரேடியோக்காரன் போடறான். அவனைக் கேளு."

"அவன் சல்லிக்காசு தரலியே! தொண்டை என்னுது, சவுகரியம் உங்களுக்கா?"

"அப்டியா? யாரும் கேக்கவே வேணாம்" என்று காசி ரேடியோவை அணைத்தான். உடனே கடை முழுக்க இருதயராஜ் மேல் பாய்ந்தது.

"நல்லா கேட்டுக்கினு இருந்தோம், கெடுத்துட்டியே! பேஜார் புடிச்ச ஆளுய்யா!"

அநியாயத்தைப் பாருங்கள், பாடியவனுக்கே திட்டு! ரிக்கார்டு கம்பெனிக்காரன் ஒரே ஒரு தடவை கொஞ்சம் காசு கொடுத்துக் கைகழுவிவிட்டான். ரேடியோவோ வாரம் தவறாமல் போடுகிறது. ஊரே ஓசியில் கேட்கிறது. வயிறு எரியாதா?

எரிந்த வயிற்றோடு தோல் மண்டிக்குப் போனான். அங்கேதான் அவனுக்குக் கணக்கெழுதும் வேலை. முதலாளி ஆபித் பாஷாவிடம் முறையிட்டான்.

"தோல் எண்ணறப்பகூட பாடிக்கினேதானே இருக்கே? என் நேரத்துல பழகின பாட்டு. அதுல என் பங்கு எவ்ளோ?" என்றார் பாஷா.

"நீங்களுமா முதலாளி? இந்த வேலையே வேணாம்! பட்டணம் போய் ரேடியோக்காரன்கிட்ட வாங்கற காசுல ராஜாவாட்டம் இருப்பேன்."

"சரி, போய்ட்டு வா."

கெஞ்சித் தடுப்பார் என்று நினைத்திருந்தான். மனுஷர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

வீட்டில் மனைவி மரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேலையும் போச்சா! பாட்டாவது வருதேன்னு சந்தோஷமா இருக்கக் கூடாதா? பட்டணம் மட்டும் போவாதீங்க, உங்க கால்ல வேணா வுழறேன்."

"நீயும் அவங்க கட்சியா? மானத்தை வுட்டுட்டு ஓசியில பாடச் சொல்றியா?"

ரயிலேறிவிட்டான். கேட்க வேண்டிய நியாயத்தை வழியெல்லாம் உரக்க ஒத்திகை பார்த்ததில், எதிரே இருந்தவர் மூட்டையோடு எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

ரேடியோ நிலைய வாசலில் காவல்காரர் மறித்தார்.

"யாருய்யா நீ?"

"ஆம்பூர் இருதயராஜ்! போட்ட பாட்டுக்கெல்லாம் கூலி வாங்காம நகர மாட்டேன். ரிக்கார்டு போடறவரைக் கூப்டு!"

காவல்காரரின் முகம் மலர்ந்தது. அவன் இரண்டு கைகளையும் பார்த்தார். முதுகுப் பக்கமும் எட்டிப் பார்த்தார். மலர்ந்த முகம் வாடிவிட்டது.

"இன்னா சார், வெறுங்கையோட வந்துட்டீங்க? உங்க வூட்டம்மா வாராவாரம் ரயில்ல அனுப்பற பிரியாணி வந்தாத்தானே, ஐயா உங்க ரிக்கார்டையே தேடி எடுப்பாரு!"