சின்னவளை உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய பாவி எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் வீட்டில் அனைவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியமில்லை. நாய் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உங்கள் குரல் உயரும், என் குரல் உடைந்துவிடும், பக்கத்தில் பூனைக்கூடையோடு ஒரு அம்மாள் வேறு உட்கார்ந்திருக்கிறார். எதிர்வீட்டுத் தையற்காரர் துணி எடுக்க உங்கள் பக்கம் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரைப் பற்றியும் இதில் எழுத வேண்டியிருப்பதால் உறைக்கு இரண்டு மடங்கு பசை தடவியிருப்பேன், கிழித்துத்தான் திறக்க வேண்டியிருக்கும், மன்னிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். சின்னவளை இப்போதுதான் ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப்போனார்கள். இனிமேல் குட்டியே போட முடியாமல் செய்துவிடுகிற ஆபரேஷன். உங்கள் தங்கைக்குத் தெரியாது.

சின்னவள் என்றால் எங்கள் நாய். இருப்பது ஒரே மகள், இவள் வந்ததும் அவள் பெரியவளாகிவிட்டாள். போன மழையில் நனைந்துகொண்டு எங்கள் கேட் ஓரம் வந்து ஒதுங்கிய இவளைச் சின்னவள் என்று உங்கள் தங்கைதான் கூப்பிட ஆரம்பித்தாள். கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து கிடந்தது. சொறி என்று முடிவுகட்டி நான்தான் மருந்து தடவினேன். என் பார்வையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. பிஸ்கட் கம்பெனியில் காலம் முழுக்க நல்லது ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டவன் இல்லையா? மயிரிழை விரிசல்கூட என் கண்ணுக்குத் தப்பாது. ரிட்டயர் ஆன பிறகும் பழைய பையன்கள் உடைந்த பிஸ்கட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதில்தான் சின்னவள் உருண்டு திரண்டு இந்த உடம்புக்கு வந்தாள்.

பெரியவள் பிரசவத்துக்கு உங்கள் தங்கை கிளம்பியபோது வாசலில் நின்று, "நான் வர்ற வரைக்கும் இவள ஒண்ணும் பண்ணிடாதீங்க. ஒரே ஒரு தடவ குட்டி போடட்டும். அவளும் பொம்பளதானே" என்றாள். தலையை ஆட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து ஆட்டிவரும் தலை, தானாக ஆடிவிட்டது. அவள் அந்தப் பக்கம் போனதும் தையற்காரர் வீட்டு நாய் பட்டன் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. காலையில் பேப்பர் எடுக்கப் போனால் பட்டன், பால் வாங்கப் போனால் பட்டன். சாயங்காலமானால் சின்னவளும் கேட் கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பாள். கூப்பிட்டால் வர மாட்டாள். இது குட்டியில்தான் போய் முடியும் என்று பட்டது. தையற்காரரிடம் நயமாக, உங்கள் பட்டனுக்கு ஆபரேஷன் செய்துவிடக் கூடாதா என்று கேட்டேன். கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சார் நீங்க, ஆம்பளப் பையனப் போயி... நல்ல எடம் சார், முடிச்சிரலாம்" என்று சம்பந்தம் பேசத் தொடங்கிவிட்டார். இருவர் சேர்ந்து செய்யும் காரியத்துக்குக் கத்தி மட்டும் என் பெண்ணுக்கா மச்சான்? 

டாக்டரம்மாவிடம் ஓடி, ஒரு தடவை குட்டி போட விடலாமா என்று கேட்டேன். "ஒரு தடவ குட்டி போடட்டும்னு எல்லாருந்தான் சொல்றாங்க. அதுக்கு அவசியமே இல்ல சார். அத்தனை குட்டிக்கும் வீடு பிடிச்சு வச்சிருக்கீங்களா? கர்ப்பப்பைல சீழ் வச்சுக் கடைசி நேரத்துல தூக்கிட்டு வராங்களே, அதப் பாத்தா நீங்க இப்படிக் கேக்க மாட்டீங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து சின்னவளைப் பார்த்தால் உங்கள் தங்கை சொன்னதும் நியாயமாகப் பட்டது. பிஸ்கட் என்றால் உடைந்ததா இல்லையா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். இதை எந்தப் பக்கம் போடுவது? யோசித்து யோசித்து, தூக்கம் கெட்டு, கடைசியில் ஆபரேஷன் என்று முடிவெடுத்தேன். அவள் நல்லதுக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உங்களிடம் மறைப்பானேன், குட்டி போடும்போது கூட இருந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. பெரியவள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் மயங்கி விழுந்து, பிரசவித்தவளை விட்டுவிட்டு நர்ஸ்களெல்லாம் எனக்கு விசிறியது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே என் காலைப் பிடித்துத் தூக்கினீர்கள்.

வெறும் வயிறாகக் கூட்டிவரச் சொன்னார்கள். அவளைப் பட்டினி போட்டுவிட்டு எனக்கு மட்டும் எப்படி இறங்கும்? நானும் சாப்பிடவில்லை. காலையில் பிஸ்கட் டப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். ஊர் சுற்றத்தான் போகிறோம் என்று நினைத்து ஆட்டோவில் எனக்கு முன்னால் தாவி ஏறினாள். இங்கே வந்ததும் டாக்டரம்மாவுக்கு வாலாட்டினாள். மச்சான், கத்தி எடுக்கப்போகிறவருக்கு வாலாட்டுகிறாள்! கதவு மூடும்போது திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து கதவைத் தட்டி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன், பூனை அம்மாள் என் பையைக் காலால் தள்ளிவிட்டு இன்னும் வசதியாக உட்கார்ந்தார், அதற்குள் உள்ளே விளக்கு எரிந்துவிட்டது. ஒரு மகளுக்குப் பிரசவம் பார்க்க உங்கள் தங்கை அங்கே போயிருக்கிறாள். இன்னொரு மகளுக்குப் பிள்ளையே இல்லாமல் செய்ய நான் இங்கே காவல் உட்கார்ந்திருக்கிறேன். தப்புப் பண்ணிவிட்டேன் மச்சான். கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும்.

நீங்கள்தான் உங்கள் தங்கையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் கத்த மாட்டாள், அழுவாள். நான் சொன்னால் இரண்டும் நடக்கும். பெரியவளுக்கு நல்லபடியாகப் பிரசவமாக வேண்டிக்கொள்ளுங்கள். சின்னவளையும் அதே வேண்டுதலில் சேர்த்துவிடுங்கள், நாய்க்கென்று தனியாகக் கேட்டால் சாமி சிரிக்கும். வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் என்னைவிடக் கூடுதல் புத்தியோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் வீட்டுக்காரன்
(அவள் திரும்பி வரும்வரை)

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் உங்கள் தங்கையிடம் சொல்ல வேண்டாம். டாக்டரம்மா வெளியே வந்து, "சார், கத்தியே வைக்கல. மயக்க மருந்து கொடுத்து வயித்து முடிய மழிச்சா பழைய தழும்பு இருக்கு. ஸ்கேன் பண்ணியும் பாத்துட்டோம். இவளுக்கு ஏற்கெனவே ஆபரேஷன் ஆயிருச்சு" என்றார். நான் தினமும் தடவிக்கொடுத்த வயிறு மச்சான்! தெருநாய்களுக்குச் செய்தால் காது நுனியில் அடையாளம் வைப்பார்களாம், இவளுக்கு அது இல்லை. "யாரோ ஆசையா வளத்திருக்காங்க. கழுத்துல பாருங்க, பட்டை போட்ட தடம்" என்றார். நான் சொறி மருந்து தடவிய இடம்.

அப்படியானால் பட்டன் வந்து உட்கார்ந்தது என் பிஸ்கட்டுக்கு. சின்னவள் பட்டனைப் பார்த்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அவள் பார்ப்பது தெருமுனையை. ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மட்டும் காதைத் தூக்குவாள். எனக்கு முன்னால் இப்படி ஒரு பெஞ்சில் ஒருவர் இவளுக்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாரோ என்னவோ.

நாய் கிடைத்திருக்கிறது என்று இங்கே அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டச் சொன்னார் டாக்டரம்மா. இந்தக் கடிதத்தில் மிச்சமிருந்த தாளில் எழுதி, முதலில் பலகையில் தொங்கிய காலண்டருக்குப் பின்னால் ஒட்டினேன். பூனை அம்மாள் பார்த்துவிட்டார். எனக்கே மனசு கேட்கவில்லை. எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் ஒட்டிவிட்டேன். பசை மட்டும் கொஞ்சம் குறைவாகத் தடவியிருக்கிறேன்.