அணைந்திருக்கும்போது முழுச் சுதந்திரம்

எண்பத்தாறாம் வருஷம் எங்களை முன்னேற்றியே தீருவது என்று மேலிடம் முடிவு செய்தது. மதுரையில் கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் இணைப்பு தரும் எங்கள் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்கு ஏ.சி. அறை, எங்களுக்கு வழக்கம்போல வெயில். யாருக்கு எப்போது இணைப்பு என்கிற வரிசையை அதற்குள் ஏற்றிவிட்டு, பழைய பதிவேடுகளை எடைக்குப் போட்டோம்.

கம்பெனி ஆள் விளக்கினார். "இதுல நீங்க எதை வேணாலும் மாத்தலாம், அழிக்கலாம். முழுச் சுதந்திரம். ஆனா தப்பா எதையாவது அழிச்சா மெஷின் நின்னுரும்."

இம்புட்டுச் சுதந்திரம் எங்கள் சர்வீஸில் யாரும் கண்டதில்லை. எதற்கென்றே தெரியாத கோப்புகள் உள்ளே இடத்தை அடைக்கின்றன என்று கிளார்க் ஜெயக்கொடி பொறுப்பாக அழித்துவிட்டான். அந்த மெஷினை ஓட்டுகிற கோப்புகளே அவைதாமாம். மெட்ராஸிலிருந்து ஆள் வந்து அதற்கு உயிர் கொடுத்துவிட்டுப் போனார்.

அதிகாரி கைலாசநாதன் சுற்றறிக்கை விட்டார்: யாரும் எதையும் அழிக்கலாகாது. யாரோ எதையோ தட்டியதில் மறுபடியும் நின்றது. அடுத்த சுற்றறிக்கை: யாரும் எதையும் தட்டலாகாது. அதற்குப் பிறகு மெஷின் நிற்கவே இல்லை. காலையில் போட்டால் சாயங்காலம்வரை கம்மென்று ஓடும். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

சங்கம் சும்மா இருக்குமா? செயலாளர் ஸ்யாமளா அதிகாரியின் அறைக்கே போனார்.

"தொடவே விடாத மெஷின் எதுக்கு சார்? ஊழியருக்குச் சுதந்திரம் வேணும்."

"மெஷின் நிக்கக் கூடாதும்மா."

வடை, காபியோடு பேச்சுவார்த்தை நடந்து உடன்பாடு கண்டது. ஓடும்போது யாரும் தொடக்கூடாது. அணைந்திருக்கும்போது சகலருக்கும் முழுச் சுதந்திரம். இரு தரப்பும் கைதட்டியது, நானும்தான்.

அந்தச் சமயம் பார்த்து கீழக்குயில்குடி வெள்ளைத்துரை வந்தார். கிணறு நிறையத் தண்ணீர், இறைக்கத்தான் கரண்ட் இல்லை. நெல் பால் பிடிக்கிற நேரம்.

"என் முறை எப்ப வருது சார்?"

"உள்ள இருக்குய்யா. பாக்கணும்னா தட்டணும். தட்டினா நின்னுருமே," என்றார் அதிகாரி.

"அப்ப என் பயிரு?"

"உங்களுக்கும் சுதந்திரம் உண்டு. சாயங்காலம் அணைச்ச பெறகு வாங்க, மனுவை நீங்களே அடிக்கலாம்."

வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கைகழுவிவிட்டு உட்கார்ந்தார்.

"எழுத்தெல்லாம் இங்கிலீஷா இருக்கே தம்பி."

"அணைஞ்சிருக்கறப்ப எந்தப் பாஷையிலயும் அடிக்கலாம்ணே," என்றேன்.

பாவம், வேர்க்க வேர்க்க அடித்தார்.

நெல் அம்புட்டும் பதராகிவிட்டது. மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டு ஒருநாள் சாயங்காலம் மறுபடி வந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவரோ என்னைத் தேற்றினார்.

"மெஷின் மேல தப்பில்ல தம்பி. நான்தான் அவசரத்துல தப்பா அடிச்சுப்புட்டேன். அடுத்த போகத்துக்கு நிதானமா அடிக்கிறேன்."

"கொஞ்சம் இருங்கண்ணே," என்றேன். அணைந்த மெஷின் முன்னால் நாற்காலியில் நான் உட்கார்ந்து என் டிரான்ஸ்பர் மனுவை அடித்துக்கொண்டிருந்தேன்.