திலக் நகரில் நான் செத்துப்போன ஞாயிற்றுக்கிழமை

வீட்டுக் கடன் வாங்க மாதச் சம்பளம் வேண்டும், வருமான வரிக் கணக்கு வேண்டும், யோக்கியமான கிரெடிட் ஸ்கோர் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். உயிரோடு இருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் பெயர் இசக்கிமுத்து. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்து வளர்ந்தது தாராவி, அப்போது குடியிருந்தது திலக் நகர். மாஹிமில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவன் நான்தான். பணத்தைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நானும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு விளக்கம் சொல்வேன். (இப்போது யாரும் வருவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.)

எல்லாம் ஒரு டிராவல் பேக்கில் தொடங்கியது. குர்லா ஸ்டேஷன் வாசலில் மேசை போட்டு, கிரெடிட் கார்டுக்குக் கையெழுத்துப் போட்டால் நீல நிற பேக் இலவசம் என்றார்கள். போட்டேன். பேக்கை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கார்டு தபாலில் வந்ததும் கத்திரிக்கோலை எடுத்து நான்கு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். கார்டை வெட்டினால் கணக்கும் முடிந்தது என்பது அன்றைக்கு என் முடிவான கருத்து. இதைப் பலருக்கு ஆலோசனையாகவும் வழங்கியிருக்கிறேன்.

கார்டு கம்பெனிக்கு என் கத்திரிக்கோலைப் பற்றித் தெரியவில்லை. வருடக் கட்டணம் போட்டார்கள். கட்டவில்லை என்று அபராதம் போட்டார்கள், அபராதத்துக்கு வட்டி, வட்டிக்கு வரி. பிறகு ஃபோன் வரத் தொடங்கியது. ஒரு தடவைகூடத் தேய்க்காத கார்டுக்கு நான் எதற்குக் கட்ட வேண்டும் என்று எனக்கு வீம்பு.

ஃபோனைச் சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் ரிக்‌ஷாக்காரர்களோடு ஹிந்தியில் சண்டை போட்டு ஜெயிக்கிற ஆள். ஆனால் "சார், ஆப்கா பேமென்ட் பெண்டிங் ஹை" என்று குரல் வந்தவுடன் "ஹிந்தி நஹி மாலும்" என்பேன், ஹிந்தி தெரியாது என்று. அதன் பிறகு சுத்தமான திருநெல்வேலித் தமிழில், அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது முதல் மத்தியானம் சாப்பிட்ட புளிக்குழம்பு வரை விலாவாரியாகச் சொல்வேன். மறுமுனையில் பெருமூச்சு கேட்கும், லைன் கட்டாகும். கட்டடத்தில் இருந்த மற்ற தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த வித்தையை இலவசமாகக் கற்றுக்கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் திலக் நகரிலேயே ஒரு வீடு விலைக்கு வந்தது. அதுவரை வாடகை வீடுதான். பதினொரு மாத அக்ரிமென்ட், முடிந்தால் அடுத்த வீடு. கல்யாணமான நாளிலிருந்து செல்வி எந்தச் சுவரிலும் தைரியமாக ஓர் ஆணி அடித்ததில்லை. இந்த வீட்டின் சமையலறையில் ஒரு ஜன்னல் இருந்தது. வீட்டைப் பார்க்கப் போன அன்று அவள் அந்த ஜன்னல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், கூப்பிட்டும் வரவில்லை. தன் ரெட்டை வடச் சங்கிலியை அடகு வைத்து டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாள். வீட்டுக்கார காளே ஆன்ட்டி, மாதக் கடைசிக்குள் பேங்க் கடன் வரவில்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"லோனை எம் பேர்ல போடுங்க. ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நான்தான தவணை கட்டுனேன், ஒரு மாசம் தவறலயே" என்றாள் செல்வி. செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பில்லிங்கில் அவளுக்கும் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது.

நான் சிரித்தேன். "குடும்பத் தலைவன் நான் இருக்கும்போது ஒம்பேர்ல எதுக்கு?" என்றேன். இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் இன்றும் வார்த்தை பிசகாமல் ஒப்பிக்கிறார்கள்.

விண்ணப்பம் கொடுத்த சில நாளில், ஆபீஸில் மேனேஜர் எதிரே உட்கார்ந்திருந்தபோது புது நம்பரிலிருந்து ஃபோன் வந்தது. பேங்க் என்று நினைத்து எடுத்தேன்.

"அண்ணாச்சி, வணக்கம். நான் மாரியப்பன் பேசுதேன். அந்த கார்டு கம்பெனிக்கு வசூல் பாக்குத ஆபீஸ்லேர்ந்து. நமக்கு நாங்குநேரிப் பக்கம், இங்க தாராவிலதான் இருக்கேன். இசக்கிமுத்து அண்ணாச்சிகிட்ட பேசணுமே."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தமிழ் தெரியாது என்று தமிழில் சொல்ல முடியாது. ஹிந்தியில் பேசலாம் என்றால் எதிரே மேனேஜர் கேட்டுக்கொண்டிருக்கிறார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இசக்கிமுத்து எறந்துட்டான்."

"என்ன அண்ணாச்சி சொல்லுதீய?"

"ஆமா தம்பி. போன வாரம். நெஞ்சுவலி. நான் அவன் அண்ணன் பேசுதேன்." (எனக்கு அண்ணன் கிடையாது.)

அதோடு நிறுத்தியிருக்கலாம். மாரியப்பன் உண்மையாகவே வருத்தப்பட்டு, என்ன வயசு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்கக் கேட்க எனக்கும் செத்தவன் மேல் பாசம் பொங்கியது. "தங்கமான பய. யாருக்கும் ஒரு பைசா பாக்கி வச்சவன் கெடையாது" என்று வசூலுக்குக் கூப்பிட்டவரிடமே சொன்னேன். அவரும் "ஆமா அண்ணாச்சி, பாவம்" என்றார்.

வெள்ளிக்கிழமை பேங்கிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே லோன் பார்க்கும் பெண் அதிகாரி கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி என் ஸ்கோரைக் காட்டினார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கில்கூட அவ்வளவு மோசமாக வாங்கியதில்லை. எல்லாம் அந்த ஒரு கார்டின் வேலை. பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்று எழுதிவிடுவார்கள், அந்தக் கறை வருடக்கணக்கில் போகாது, அதனால் முழுசாகக் கட்டி பாக்கி இல்லை என்று லெட்டர் வாங்கிவாருங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் குடியிருக்கும் வீட்டைச் சரிபார்க்க ஆள் வருவார், அந்த வேலை ஒரு பக்கம் நடக்கட்டும், லெட்டர் வந்தால் மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்று தைரியமும் சொன்னார்.

லெட்டர் கேட்க வேண்டிய இடத்தில்தான் நான் செத்துப்போயிருந்தேனே. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நல்ல புத்தி வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. மறுபடி அண்ணனாகவே மாரியப்பனுக்கு ஃபோன் போட்டேன்.

"தம்பி, எந்தம்பி கடங்காரனாப் போனான்னு இருக்கக் கூடாது. முழுசா நான் கட்டிருதேன். பாக்கி இல்லன்னு ஒரு லெட்டர் மட்டும் குடுங்க."

"கூடப் பொறந்தவன் மேல கேஸ் போடுத காலம் அண்ணாச்சி இது" என்றார் மாரியப்பன், கரகரத்த குரலில். வீட்டு முகவரி கேட்டார். ரசீது அனுப்பத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு நேரில் போய்த் துக்கம் கேட்க வேண்டும். ஃபோனில் கேட்டால் கேட்டதாகாது. துட்டி கேட்பது என்போம். துட்டி வீட்டில் யாரும் 'வாங்க' என்று கூப்பிட மாட்டார்கள். வந்தவர் கையை நீட்டுவார், வீட்டு ஆண் அதைத் தொடுவார். தண்ணீர்கூடக் குடிக்காமல், போய் வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போய்விடுவார். இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும், போயும் போயும் ஒரு நாங்குநேரிக்காரரிடம் செத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் முகம் முழுக்க சோப்பு நுரையோடு பாத்ரூமில் இருந்தேன். காலிங்பெல் அடித்தது. செல்வி தலையில் பூவும் நெற்றியில் பொட்டுமாகப் போய்க் கதவைத் திறந்தாள். பேங்க் ஆள் என்று நினைத்து முகமெல்லாம் சிரிப்பாக "வாங்க வாங்க" என்றாள்.

வந்தவர் திடுக்கிட்டிருக்க வேண்டும். "மதினி" என்று சொல்லிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"காபி குடிக்கீங்களா?"

"வேண்டாம் மதினி. குடிக்கக் கூடாதுல்லா." அப்புறம் மெதுவாக, "மனசைத் தேத்திக்கிடுங்க. பிள்ளையளுக்காவது நீங்க தைரியமா இருக்கணும்" என்றார்.

அந்தக் குரலை உள்ளே இருந்தே தெரிந்துகொண்டேன். ஜன்னல் வழியாக இறங்கலாமா என்று பார்த்தேன். மூன்றாவது மாடி. துண்டைக் கட்டிக்கொண்டு, பாதி நுரையோடு வெளியே வந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்து, "அண்ணன்தான?" என்று கையை நீட்டினார்.

நான் அதைத் தொட்டேன்.

"யாருக்கு அண்ணன்?" என்றாள் செல்வி.

பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. திறந்த கதவு வழியாக ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி இன்னொருவர் எட்டிப் பார்த்தார், பின்னாலேயே வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த வாட்ச்மேன். "இசக்கிமுத்து கா கர்?" என்றார் ஹெல்மெட்காரர், இசக்கிமுத்து வீடுதானே என்று. பேங்க் ஆள் இவர்தான். ஒரே அறைக்குள் ஒருவருக்கு நான் உயிரோடு இருக்க வேண்டும், இன்னொருவருக்குச் செத்திருக்க வேண்டும். எது லாபம் என்று கணக்குப் பார்த்தபடி வாயைத் திறந்து வைத்திருந்தேன்.

துட்டி வீட்டில் இந்த மாதிரிக் கேள்விக்குக் குடும்பத்தார் பதில் சொல்லும்படி விடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் மாரியப்பன் முந்திக்கொண்டார். "வோ தோ குஜர் கயே, பாய்" என்றார், அவர் காலமாகிவிட்டார் என்று. பிறகு என்னைக் காட்டி, "யே படே பாய்", இவர் அண்ணன் என்று அறிமுகமும் செய்துவைத்தார். வாட்ச்மேன் சோகமாகத் தலையாட்டினார். மாரியப்பன் வரும்போதே கீழே சாவு வீடு எது என்று விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஹெல்மெட்காரர் நெஞ்சில் கை வைத்து "சாரி" என்றார், ஃபோனில் எதையோ தட்டினார், விடுவிடுவென்று படியிறங்கினார்.

நான் பின்னாலேயே ஓடினேன். கீழே காம்பவுண்டில் கட்டடத்துக் குடியிருப்போரின் சொசைட்டிக் கமிட்டி கூடித் தண்ணீர் டேங்க் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தது. அத்தனை பேர் நடுவிலும் துண்டைப் பிடித்தபடி "மை ஜிந்தா ஹூம்! மை ஜிந்தா ஹூம்!" என்று கத்திக்கொண்டு கேட் வரை ஓடினேன். பைக் போய்விட்டது. கமிட்டிச் செயலாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "நீ உயிரோடு இருப்பது தெரிகிறது, துண்டை ஒழுங்காகக் கட்டு" என்று மராத்தியில் சொன்னார்.

மேலே வந்தபோது செல்வி எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்தாள். மாரியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வீட்ல போயி அழுதேம்லா அண்ணாச்சி" என்றார்.

வசவு வந்திருந்தால் தாங்கியிருப்பேன். பேங்க்காரன் போனதைவிட, சொசைட்டி சிரித்ததைவிட அந்த ஒரு சொல்தான் எனக்கு அவமானமாக இருந்தது. மன்னித்துவிடுங்கள் என்றேன். முகத்தில் நுரை காய்ந்து இழுத்தது. அவர் செல்வியிடம் திரும்பினார்.

"மதினி, அந்தக் காபி. இப்பக் குடிக்கலாம்லா?"

செல்வி எனக்குப் போட வைத்திருந்த பாலையும் சேர்த்து அவருக்கே போட்டுக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை பேங்கில் அந்த அதிகாரி என்னையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். கம்ப்யூட்டரைத்தான் அதிகம் நம்பினார் என்று தோன்றியது. விண்ணப்பதாரர் இறந்துவிட்டார் என்று ரிப்போர்ட் மேலே போய்விட்டது, இனிப் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார். நோட்டரியிடம் போய், நான் உயிருடன் இருக்கிறேன் என்று ஸ்டாம்ப் பேப்பரில் சத்தியம் செய்தேன். கார்டு கம்பெனிக்கும் ஒரு நகல் அனுப்பினேன். அதற்குள் மாதம் முடிந்தது, வீடு கைவிட்டுப் போனது. காளே ஆன்ட்டி டோக்கனைத் திருப்பிக் கொடுத்தார். செத்தவன் பணத்தை வைத்துக்கொண்டால் பாவம் என்று அவருக்குப் பயம். நான் செத்ததில் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

செல்வி சண்டை போடவில்லை. சங்கிலியை மீட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "அந்த ஜன்னல்ல ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வைக்கலாம்னு இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்று எனக்கு நிஜமாகவே செத்துவிடலாம் போலிருந்தது.

கார்டு பாக்கியை வட்டியோடு, அபராதத்தோடு முழுசாகக் கட்டினேன். அந்த நீல பேக்தான் இந்தியாவிலேயே விலை உயர்ந்த பேக்காக இருக்கும். என் ஸ்கோர் எங்கள் கட்டடத்து லிஃப்ட் மாதிரி ஏறியது. பல நாள் அசையாது, திடீரென்று ஒரு குலுக்கலோடு கொஞ்சம் மேலே போகும். செல்வியின் ஸ்கோரை ஒரு நாள் பார்த்தோம். நான் கால்மேல் போட்டிருந்த காலை எடுத்துக் கீழே வைத்தேன்.

கடைசியில் நெருளில் வீடு வாங்கினோம். ரயிலில் தொங்கிக்கொண்டு போய் வர வேண்டிய தூரம், ஆனால் சமையலறையில் ஜன்னல் இருக்கிறது. கடன் செல்வியின் பெயரில், வீடும் செல்வியின் பெயரில். வாசல் போர்டிலும் அவள் பெயர்தான். கிரகப்பிரவேசத்துக்கு மாரியப்பன் வந்தார். எனக்காகத் துட்டி கேட்ட ஒரே மனிதர் என்று செல்வி அவரைத்தான் முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்தாள். அவர் தண்ணீர் டம்ளரைத் தொடுமுன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "குடிங்க, நான் இருக்கேன்" என்றேன்.

போன வாரம் நான் ஹாலில் படுத்திருந்தபோது ஃபோன் வந்தது. இப்போது காலேஜில் படிக்கும் மகள் மீனா எடுத்தாள். யாரோ என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவள் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு, பக்கத்திலேயே கிடக்கும் என்னைக் கேட்காமல், சமையலறைப் பக்கம் பார்த்து, அன்று காம்பவுண்டில் நான் கத்திய அதே வார்த்தையைப் போட்டுக் குரல் கொடுத்தாள்.

"மம்மி, பப்பா ஜிந்தா ஹை கியா?"

ஜன்னலில் கறிவேப்பிலை கிள்ளிக்கொண்டிருந்த செல்வி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரு கேக்கான்னு மொதல்ல கேளு. அப்புறமா சொல்லுதேன்."